9 நாளும் 414 நாளும்: மலக்குடல் புற்றுநோயில் தாமதம் யாருடையது?

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குப் பெயர் தந்த பேராசிரியரிடம் 3 ஆண்டுகள் அறுவை பயின்றவன் நான். நான் நேரே பொருளுக்கு வருகிறேன்.

1. பழைய வழக்கு

"நம் ஊரில் நோயாளிகள் முற்றிய பிறகுதான் வருகிறார்கள்." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் நான் எந்த மாநாட்டிலிருந்தும் வீடு திரும்பியதில்லை. முன்வரிசையில் இருக்கும் நண்பர்கள் சிலரே அதைச் சொன்னவர்கள்தாம். மேடையிலேயே மறுத்து அவர்களோடு மனத்தாங்கலும் கொண்டிருக்கிறேன். நான் இன்று என்ன சொல்லப்போகிறேன் என்பது அவர்களுக்குப் பாதி தெரியும்.

பேக், காலோ என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1938-இலேயே இந்தத் தாமதத்தை இரண்டாகப் பிரித்து எழுதினார்கள். அறிகுறி கண்டு 3 மாதம் ஆகியும் வராவிட்டால் தாமதம் நோயாளியுடையது. வந்த பிறகு ஒரு மாதத்துக்கு மேல் வீணானால் அது மருத்துவருடையது. இதில் முதல் பாதியை மட்டும் நாம் மறக்காமல் வைத்துக்கொண்டோம். குடல் புற்றுநோயில் நோயாளியின் தலையில் நாம் எழுதும் நாட்களில் பெரும்பகுதி நம் கணக்கைச் சேர்ந்தது என்பது என் கட்சி.

2. பால் நோட்டு

என் அக்கா பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு அடுப்படிக் கதவின் பின்னால் ஆணியில் ஒரு பால் கணக்கு நோட்டு தொங்கும். அரை லிட்டருக்கு ஒரு கோடு. 2013 ஜூன் 11 அன்று அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி இருக்கிறது. விடைத்தாள் திருத்திய பேனா அது. ரத்தம் பட்ட நாளுக்கெல்லாம் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்.

நான்காம் நாள் எனக்குத் தொலைபேசினார். "தம்பி, வெளிக்குப் போறப்ப ரத்தம் படுதுடா." ஆயிரக்கணக்கான வயிறுகளைத் திறந்த நான் சொன்ன பதில்: "மூலமாத்தான் இருக்கும்க்கா. மோர் நெறைய குடி, காரத்தைக் கொற." அந்த நாளுக்கு எதிரே நோட்டில் "தம்பி: மூலம்" என்று எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்த அன்றைய இரவை நான் இன்னும் கடக்கவில்லை.

ஜூன் 20 அன்று முதல் மருத்துவரைப் பார்த்தார். அறிகுறிக்கும் அதற்கும் இடையே 9 நாள். களிம்பும் மலமிளக்கியும் கொடுத்தார்கள். துத்திக் கீரையும் கருணைக்கிழங்கும் வீட்டு வைத்தியமாகச் சேர்ந்துகொண்டன. அக்டோபரில் "போயும் போகாத மாதிரி இருக்கு" என்று இரண்டாம் மருத்துவரிடம் போனார். அமீபாக் கடுப்பு என்று மெட்ரோனிடசோல் வந்தது. ஜனவரியில் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. மூன்றாமவர் ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். ரத்தம் எங்கே போகிறது என்று அவர் கேட்கவில்லை. இரும்பு மாத்திரையால் மலம் கறுத்ததில் இருந்த தடயமும் மங்கியது. ஏப்ரலில் நான்காமவர், மறுபடியும் களிம்பு.

நால்வரும் கெட்டவர்கள் இல்லை. மூவர் நன்றாகப் படித்தவர்கள் என்பது எனக்கே தெரியும். "மூலம்" என்ற சொல் நோயாளி வாயிலேயே தயாராக இருக்கிறது. நாமும் அதை வாங்கி அப்படியே சீட்டில் எழுதிவிடுகிறோம். அந்தச் சொல் விழுந்ததும் விசாரணை முடிந்துபோகிறது. வாசலில் 60 டோக்கன் காத்திருக்கிறது. விரல் விட்டுச் சோதிக்க அறையில் திரை இல்லை. கூட நிற்க நர்ஸ் இல்லை. அக்கா வெட்கப்பட்டு மறைக்கவில்லை, கேட்டவரிடமெல்லாம் சொன்னார். வெட்கம் எங்களிடம் இருந்தது.

2014 ஆகஸ்ட் முதல் வாரம். ஓ.பி.யில் ஒரு பயிற்சி மருத்துவர், இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதுப் பெண், "இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கம்மா, முழங்காலை மடக்கிக்குங்க" என்றாள். திரைக்குப் பதில் ஒரு பழைய சேலையைக் கட்டினாள். கையுறை, ஜெல்லி, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சுட்டுவிரல் 7, 8 செ.மீ. எட்டும். கட்டி 4 செ.மீ. உயரத்தில் இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு அவள் அக்காவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாளாம். ஆகஸ்ட் 8 அன்று பயாப்சி முடிவு வந்தது. முதல் மருத்துவரிடம் போன நாளிலிருந்து 414 நாள்.

கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது: "14 மாதங்களாக ரத்தப்போக்கு. தாமதமாக வந்தவர்."

நண்பர்களே, என் வழக்கு முழுவதும் இந்த ஒரு வரியின் மேல்தான். இந்த வரிதான் ஆண்டறிக்கைக்குப் போகிறது, அங்கிருந்து உங்கள் ஸ்லைடுக்கு வருகிறது.

அக்காவுக்கு 25 முறை கதிர் சிகிச்சை, மாத்திரைக் கீமோ, பிறகு அறுவை மருத்துவர் மைல்ஸ் 1908-இல் விவரித்த அதே அறுவை. ஆசனவாய் போயிற்று, இடப்பக்க வயிற்றில் மலம் சேரும் பை வந்தது. கட்டி அத்தனை கீழே இருந்ததால், முன்பே கண்டிருந்தாலும் பை வந்திருக்கலாம் என்று என்னைத் தேற்றுகிறார்கள். இருக்கலாம். நோய் பரவியிருந்த நிணநீர்க் கணுக்களுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அக்கா எம்பிராய்டரிக் கத்தரியால் பைத்தட்டின் துளையை அளந்து வெட்டுகிறார். கல்யாண வீட்டில் கடைசி வரிசையில் உட்காருகிறார், கைப்பையில் மாற்றுப் பை ஒன்று எப்போதும் இருக்கும். பை மாற்றும் நாட்களும் இப்போது பால் நோட்டில்தான் ஏறுகின்றன.

"ரத்தம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு மூலம்தானே?" என்பீர்கள். உண்மை. மூலம் இருப்பவருக்கு அதற்கு மேலே கட்டியும் இருக்கலாம் என்பதும் உண்மை. எல்லோருக்கும் கொலோனாஸ்கோபி செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு விரலையும், மறுபடி வரவேண்டிய தேதியையும் கேட்கிறேன்.

3. வலப்பக்கக் குடல்

வலப்பக்கக் குடலில் வரும் கட்டியை விரிவாகப் பேச நேரமில்லை. வலப்பக்கப் பெருங்குடல் அகலமானது, அங்கே மலம் நீர்மமாக இருக்கும். அதனால் அடைப்பு தாமதமாகவே தெரியும். ரத்தமும் கண்ணில் படாமல் கசியும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் ஆணுக்கும் இரும்புச்சத்துக் குறைவு என்றால், மாத்திரை எழுதும் முன் குடலை நினைக்க வேண்டும். இங்கே விரல் உதவாது.

4. செய்ய வேண்டியவை

கேஸ் ஷீட்டில் இரண்டு கட்டங்கள் சேர்க்கலாம்: நோயாளி முதலில் எந்தத் தேதியில் யாரிடம் சொன்னார், அவர் என்ன பதில் சொன்னார். 2012-இன் ஆர்ஹூஸ் அறிக்கை இத்தகைய தேதிகளுக்கு வரையறை தருகிறது. மலத்தில் மனித ரத்தத்தை மட்டும் காட்டும் ஃபிட் சோதனைக்கு உணவுக் கட்டுப்பாடு வேண்டாம். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்துப் பார்க்கலாம். கடுப்பு, சீதம், உள்மூலம், சூடு என்று மாவட்டந்தோறும் மக்கள் சொல்லும் சொற்களைத் தொகுக்க வேண்டும். பை பராமரிப்பில் நர்ஸுகளுக்குப் பயிற்சி வேண்டும். வரலாற்றிலும் ஒரு வேலை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். அந்தத் துயரமே 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையமாயிற்று. அந்தத் தங்கைக்கு நோய் தெரிய எத்தனை நாளாயிற்று என்று மருத்துவ வரலாறு எழுதுபவர்கள் தேடிப் பார்க்கலாம்.

மாணவர்களில் யாராவது இந்த வேலையை எடுத்துக்கொண்டால் பால் நோட்டின் நகலைத் தருகிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டேன். என் பெயர் உள்ள பக்கத்தையும் சேர்த்தே தரச் சொல்லியிருக்கிறார்.