புல்வெளி காலி மனையல்ல

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

போன கூட்டத்தில் நீலகிரியின் மொட்டை மலைகளில் மரம் நட வசூல் நடந்தது. நானும் 500 ரூபாய் கொடுத்தேன். படித்துப் பார்த்தது அதன் பிறகுதான். கொஞ்சம் தாமதம்தான்.

அவலாஞ்சி, முக்குருத்திப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பள்ளத்தில் ஓடையோரம் இருண்ட சோலைக்காடு. அதைத் தாண்டினால் சரிவெல்லாம் புல். நடுவே கத்தியால் வெட்டிய மாதிரி எல்லை. இரண்டிலும் பெய்வது ஒரே மழை. பிறகு ஏன் மரம் மேலே ஏறவில்லை?

ஒரு காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த சரிவில் பனி உறையும். சோலை மரக்கன்று கருகிவிடும். சோலைக்குள் கிளைகளே கூரையாக இருப்பதால் அவ்வளவு குளிர் இறங்காது. இன்னொன்று தீ. புல் எரிந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும். கன்றுக்கு அந்த வசதி இல்லை. தோடர்கள் எருமை மேய்ச்சலுக்காகப் புல்லைக் கொளுத்துவது பழைய வழக்கம். தீ சோலையோரத்து ஈரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அப்படியானால் மனிதன் காட்டை எரித்ததால் வந்த புல்தானே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பேராசிரியர் இராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்பில் அடுக்கடுக்காகப் படிந்த மக்கிய மண்ணைச் சோதித்து 1993இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மரமும் இந்தப் புல்லும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு. அந்தத் தடம் மண்ணில் நிற்கும், பழைய லெட்ஜர் மாதிரி. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுக வறட்சியில், புல் ஓங்கியிருந்தது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தபோது மரங்கள் பெருகின. எல்லைக்கோடு காலநிலையோடு நகர்ந்தே வந்திருக்கிறது.

வெள்ளைக்காரர்கள் இதைத் தரிசு என்று கணக்கெழுதி, ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரத்தையும் வாட்டில் என்கிற சீகையையும் கொண்டுவந்தார்கள். விடுதலைக்குப் பிறகு நாமும் ஆலைகளுக்காக நட்டோம். சீகை உறைபனிக்கு அவ்வளவாக அஞ்சாது. அதன் விதை தீயின் சூட்டில் ஓடு வெடித்து முளைக்கும். புல்லைக் காத்த தீயே இப்போது சீகையை வளர்க்கிறது. வரையாடு மேயும் இடம் அப்படித்தான் சுருங்குகிறது.

கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. எந்த மரம், எந்தச் சரிவில் நடப்போகிறார்கள் என்று எழுத்தில் வாங்கும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். பதில் வந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதாகச் சொன்னார். அதுவரை இரண்டாம் தவணையை நிறுத்தி வைப்போம்.