ஒரே கீதம், ஐந்து மொழி

தென்னாப்பிரிக்கா கிரிக்கெட் ஆடுகிற நாளில் டாஸ் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். அவர்கள் பாடுகிற தேசிய கீதத்தைக் கொஞ்சம் கேளுங்கள். கோசா மொழியில் தொடங்கும். அடுத்து ஜூலு, பிறகு செசோத்தோ, அப்புறம் ஆப்பிரிக்கான்ஸ், கடைசியில் ஆங்கிலம். நடுவில் மெட்டே மாறிவிடும்! காரணம், அது இரண்டு பாட்டுகளின் ஒட்டு. முன்பாதி, கறுப்பின மக்கள் விடுதலைப் போராட்டத்தில் பாடியது. பின்பாதி, அவர்களை ஒடுக்கிய வெள்ளையர் அரசின் பழைய கீதம். 1997-இல் இரண்டையும் இணைத்தார்கள். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்!

அந்த நாட்டில் மொழி என்பது உயிர்ப் பிரச்சினை. கணக்குப் பாடத்தைக்கூட ஆப்பிரிக்கான்ஸில்தான் படிக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டது, பிள்ளைகள் செத்தார்கள்.

அந்தக் காலம் மாறி, 1996-இல் அரசியல் சட்டம் எழுதியபோது 11 மொழிகளை ஆட்சிமொழி ஆக்கினார்கள். 2023-இல் சைகை மொழி 12-ஆவதாகச் சேர்ந்தது. அலுவலகங்களில் என்னவோ ஆங்கிலத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது, அது தனிக்கதை.

அதே சட்டம், ஆட்சிமொழி அல்லாவிட்டாலும் மதித்து வளர்க்க வேண்டியவை என்று சில மொழிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி என்று போகிற அந்த வரிசையில் தமிழும் இருக்கிறது. 1860 முதல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்கள் கொண்டுபோன தமிழ் அது. டர்பனில் இன்றும் கோவில் உண்டு, காவடி உண்டு. வீட்டுப் பேச்சு மட்டும் பெரும்பாலும் ஆங்கிலமாகிவிட்டது.