தையல் பிரிப்பான்



தையற்கலை என்றவுடன் ஊசி, நூல், கத்தரிக்கோல், தையற்பொறி ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றன. தைத்ததைப் பிரிக்கும் கருவியை நினைப்பவர் சிலரே. தையற்பெட்டியின் அடியில், பொத்தான்களுக்கும் கொக்கிகளுக்கும் இடையே அது கிடக்கும். கடையில் 'சீம் ரிப்பர்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நாம் அதனைத் தையல் பிரிப்பான் என்று வழங்குவோம். அதன் விலை சிறிது. ஆயினும் விலை மிகுந்த துணியின் நலம் அதன் முனையைப் பொறுத்திருக்கிறது. அதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எப்பொழுது மாற்றுவது என்னும் இரண்டையும் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இக்கருவி ஏன் வேண்டும் என்பதை முதலில் காண்போம். அரிசி மூட்டையின் வாயைப் பாருங்கள். நூலின் உரிய முனையைக் கண்டு இழுத்தால் தையல் முழுவதும் சரசரவென்று அவிழ்ந்துவிடும். அது சங்கிலித் தையல். பிரான்சு நாட்டுத் தையற்காரராகிய திமோனியே 1830இல் காப்புரிமை பெற்ற பொறி இவ்வகைத் தையலையே போட்டது. நம் வீட்டுப் பொறி போடுவதோ பூட்டுத் தையல். மேல்நூலும், பாபினிலிருந்து வரும் கீழ்நூலும் ஒவ்வொரு தையலிலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அமெரிக்கராகிய எலியாஸ் ஓவ் 1846இல் காப்புரிமை பெற்ற பொறி இவ்வகையைச் சேர்ந்தது. பூட்டுத் தையல் ஒரு முனையை இழுத்தால் அவிழ்வதில்லை. அதுவே அதன் சிறப்பு. பிரிக்க வேண்டிய வேளையில் அதுவே இடர்.

பிரிக்க வேண்டிய வேளை நம் வீடுகளில் அடிக்கடி வரும். வளரும் பெண்ணின் பட்டுப் பாவாடையில் டக்கு பிடித்துத் தைப்பார்கள். அவள் வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்து நீளத்தை இறக்குவார்கள். ரவிக்கையின் உட்புறத்தில் துணி விட்டு, இரண்டு மூன்று வரிசை தையல் போட்டு வைப்பதும் அதற்காகவே. ஒரே துணியைப் பல ஆண்டுகள் உடுத்துவதற்கு நம் தாய்மார் கண்ட சிக்கன முறை இது. பிரிக்கும்போது துணி கிழியுமானால் அச்சிக்கனம் அத்தனையும் வீணாகிவிடும்.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆண்டு விழாவுக்காகத் தன் பட்டுப் பாவாடையை இறக்கித் தருமாறு தாயிடம் கேட்டாள். அவர் நூற்பாலையில் வேலை செய்பவர்; மாதந்தோறும் சிறுகச் சேர்த்து அப்பட்டை வாங்கியிருந்தார். வீட்டிலிருந்த பிரிப்பான் பல ஆண்டுகள் உழைத்து மழுங்கியது. அழுத்திப் பார்த்தார், நூல் அறவில்லை. மேலும் அழுத்தினார், நூல் திடீரென்று அற்றது, முனை பட்டினுள் பாய்ந்து இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துவிட்டது. எங்கள் தையலாசிரியை கிழிசலை உள்ளே வைத்து மீண்டும் டக்கு பிடித்துக் கொடுத்தார். கிழிசல் மறைந்தது, ஆனால் இறக்கிய நீளம் போயிற்று. விழா முடிந்ததும் அப்பாவாடை அவள் தங்கைக்கு ஆயிற்று.

அத்தாயின் கையில் குறையில்லை. இயற்பியல் படிப்பவர்களுக்குக் காரணம் விளங்கும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்த ஈவு. கூரிய அலகின் விளிம்பு மிக மெல்லியது. ஆதலின் சிறு விசையே நூலை அறுக்கும். விளிம்பு மழுங்கினால் பரப்பு மிகுகிறது. அதே நூலை அறுக்கப் பெருவிசை வேண்டியிருக்கிறது. இறுகிய கதவைத் தோளால் தள்ளுபவன், அது சட்டென்று திறந்துகொண்டால் உள்ளே போய் விழுகிறான் அல்லவா? நூல் அற்றவுடன் கையும் அவ்வாறே நிலை தவறுகிறது. பாலியெஸ்டர் நூல் அதே பருமனுள்ள பருத்தி நூலைவிட வலியது. அதனைப் பிரிக்கும்போது இத்தொல்லை இன்னும் மிகும்.

இனி, கருவியின் அமைப்பைக் கவனியுங்கள். அதற்கு இரண்டு கவைகள் உண்டு. நீண்ட கவையின் கூர்முனை தையலுக்கு அடியில் நுழைகிறது. குட்டைக் கவையின் நுனியிலுள்ள சிறு மணி துணியில் குத்தாமல் காக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள வளைவில்தான் வெட்டும் அலகு இருக்கிறது. வாங்கும்போது நீண்ட முனை மெல்லியதா என்று பாருங்கள். தடித்த முனை நெருங்கிய தையலுக்குள் நுழையாது. கைப்பிடி விரல்களுக்கு அடங்கும் பருமன் உடையதாகவும், உலோகப் பகுதி அதில் ஆடாமலும் இருக்கவேண்டும். இறுகப் பொருந்தும் மூடி இன்றியமையாதது. நம் தையற்கடைகளில் சிலர் பாதி பிளேடால் விரைவாகப் பிரிப்பதைக் கண்டிருப்பீர்கள். அது பல்லாண்டுப் பயிற்சியுள்ள கை; நீங்கள் அதனைப் பின்பற்ற வேண்டா.

பிரிக்கும் முறையும் எளிதே. ஒரு பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக நூலை அறுத்துக்கொண்டு செல்லுங்கள். பிறகு துணியைத் திருப்பி மறுபக்கத்து நூலை மெல்ல இழுத்தால் அது முழுமையாக வந்துவிடும். பொத்தான் துளையைத் திறக்கும்போது அதன் கடைசித் தையலுக்கு முன்னே ஒரு குண்டூசியைக் குறுக்காகக் குத்தி வையுங்கள். அலகு அதற்கு அப்பால் போகாது.

எப்பொழுது மாற்றுவது? பயனற்ற துணித்துண்டில் ஒரு வரிசை தைத்து, அதனைப் பிரித்துப் பாருங்கள். மெல்லத் தொட்ட அளவில் நூல் அறுந்தால் அலகு நன்றாக இருக்கிறது. நூல் நார் நாராகப் பிரிந்தாலும், துணி சேர்ந்து இழுபட்டாலும், வளைவில் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று முதலில் நோக்கிச் சிறு தூரிகையால் துடையுங்கள். அதன் பின்னும் அறுக்கவில்லையெனில் அதன் வாழ்நாள் முடிந்தது. சாணை பிடிக்கலாமே என்பீர்கள். அலகு குறுகிய வளைவினுள் இருப்பதால் சாதாரணச் சாணைக்கல் அங்கே எட்டாது. முனை வளைந்தாலும், மணி கழன்றாலும் உடனே மாற்றிவிடுங்கள். சிக்கனம் என்பது மழுங்கியதை வைத்துக்கொள்வதில் இல்லை. அது காக்கவேண்டிய துணியைக் காப்பதில் இருக்கிறது.

கழித்த கருவியைக் குப்பையில் வெறுமனே எறியாதீர்கள். மூடியை மாட்டி, தடித்த தாளில் சுற்றி ஒட்டிப் போடுங்கள். குப்பையைத் தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையும் நம் கையைப் போன்றதே. இன்று மாலை வீட்டிலுள்ள தையற்பெட்டியைத் திறந்து, நான் சொன்ன சோதனையைப் பெரியவர்கள் முன்னிலையில் செய்து பாருங்கள். பட்டுத் துணி மேசைக்கு வருமுன் இது முடிந்திருப்பது நல்லது.