பட்டியல் யார் கையில்?



2022 நவம்பர் 7. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத இட ஒதுக்கீடு செல்லுமா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு வழங்கினார்கள். மூன்று பேர் செல்லும் என்றார்கள். இரண்டு பேர் செல்லாது என்றார்கள். செல்லாது என்ற இருவரில் ஒருவர் யார் தெரியுமா? அப்போதைய இந்தியத் தலைமை நீதிபதி யு.யு. லலித். பதவியில் அதுதான் அவருக்குக் கடைசி வேலை நாள். நாட்டின் நீதித்துறைக்கே தலைவர், ஆனால் தன் தலைமையில் அமர்ந்த அமர்விலேயே அவர் கருத்து எடுபடவில்லை.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தீர்ப்பு என்று வரும்போது தலைமை நீதிபதிக்கும் ஒரே ஒரு ஓட்டுதான். நேற்றுப் பதவியேற்ற நீதிபதிக்கும் அதே ஒரு ஓட்டு. அப்படியானால் அந்த நாற்காலிக்கு ஏன் இத்தனை மவுசு? அதில் யார் உட்காரப் போகிறார் என்று ஆட்சியாளர்கள் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார்கள்?

விடை கோர்ட்டு வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும். ரோஸ்டர். எந்த வழக்கு எந்த நீதிபதியிடம் போகும், யாரோடு யார் அமர்வார்கள் என்று முடிவு செய்கிற பட்டியல். நம் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிப் பணியிடங்கள் 2019-இல் 34 ஆக உயர்த்தப்பட்டன. நீதிபதிகள் எல்லோரும் ஒன்றாக உட்காருவதில்லை. பெரும்பாலும் இருவர், மூவர் அமர்வுகள்தான். அந்த அமர்வுகளை அமைப்பவர் தலைமை நீதிபதி. உயர் நீதிமன்றங்களிலும் இதே ஏற்பாடுதான். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகளுக்கு இலாகா மாறுகிறது என்றால் வக்கீல்கள் முதலில் விசாரிப்பது, ஜாமீன் மனுக்கள் இனி யாரிடம், ரிட் மனுக்கள் யாரிடம் என்பதைத்தான். சட்டம் ஒன்றுதான், ஆனால் அதைப் படிக்கிற கண்கள் வேறு வேறு என்பது அவர்களுக்கு அனுபவப் பாடம். பரிமாறுகிறவன் தன்னவனாக இருந்தால் கடைப்பந்தியில் உட்கார்ந்தால் என்ன என்று ஊரில் சொல்வார்கள் அல்லவா? அந்தச் சந்தேகம் நீதிமன்றத்தைப் பற்றி யாருக்கும் எழக் கூடாது.

எழுந்தது. 2017 நவம்பரில், மருத்துவக் கல்லூரி லஞ்சப் புகார் தொடர்பான ஒரு வழக்கை மூத்த நீதிபதிகள் ஐவர் விசாரிக்கட்டும் என்று நீதிபதி செலமேஸ்வர் அமர்வு உத்தரவிட்டது. மறுநாளே தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையில் கூடிய இன்னொரு அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. அமர்வு அமைப்பது தலைமை நீதிபதியின் வேலை, வேறு யாரும் அதில் கை வைக்க முடியாது என்றது.

இரண்டே மாதத்தில், 2018 ஜனவரி 12-இல், இதற்கு முன் நடக்காத ஒன்று நடந்தது. செலமேஸ்வர், ரஞ்சன் கோகோய், மதன் லோகுர், குரியன் ஜோசப் ஆகிய நான்கு மூத்த நீதிபதிகள் காலையில் கோர்ட்டு வேலையை முடித்துவிட்டு, டெல்லியில் செலமேஸ்வர் வீட்டுப் புல்வெளியில் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள். தலைமை நீதிபதிக்குத் தாங்கள் எழுதிய ஏழு பக்கக் கடிதத்தை வெளியிட்டார்கள். நாட்டைப் பாதிக்கும் பெரிய வழக்குகள் காரணம் சொல்லப்படாமல் குறிப்பிட்ட அமர்வுகளுக்கே போகின்றன என்பதுதான் அவர்களுடைய குறை. அடுத்த மாதமே, எந்த வகை வழக்கு எந்த நீதிபதிக்கு என்ற பட்டியலை உச்ச நீதிமன்றம் பகிரங்கமாக வெளியிடத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில், அதிகாரம் என்னவோ தலைமை நீதிபதியிடமே இருக்கிறது என்று தீர்ப்பும் வந்தது. அக்டோபரில், புல்வெளியில் உட்கார்ந்த நால்வரில் ஒருவரான கோகோய் தலைமை நீதிபதி ஆனார். அந்த அதிகாரம் அப்போதும் அப்படியேதான் இருந்தது. நாற்காலிக்கு வெளியே நின்று பார்க்கும்போது தெரிவது, அதில் அமர்ந்தபின் தெரிவதில்லை போலும்.

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஒன்றாகவே அமர்கிறார்கள். அமர்வு பிரிக்க இடமே இல்லை. தலைமை நீதிபதிக்கு வேறொரு பிடி இருக்கிறது. பெரும்பான்மைப் பக்கம் அவர் இருந்தால், தீர்ப்பை யார் எழுதுவது என்று அவரே சொல்வார். தானே எழுதவும் செய்யலாம். இதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்குத் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் நல்ல உதாரணம். கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் என்ற முறை செல்லுமா என்ற வழக்கு 1953-இல் அவர் பதவிக்கு வந்தபோது பிளவுபட்ட நீதிமன்றத்தின் முன் கிடந்தது. வாரன் அவசரப்பட்டு ஓட்டுக்கு விடவில்லை. பேசிக்கொண்டே இருப்போம் என்றார். ஒவ்வொருவராகப் பேசிக் கரைத்தார். தீர்ப்பைத் தானே எழுதினார், பத்திரிகை படிக்கிற எவருக்கும் புரியும்படி சுருக்கமாக. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நீதிபதி ஜாக்சனிடம் வரைவை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். 1954 மே 17-ஆம் தேதி ஜாக்சன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கோர்ட்டுக்கு வந்து மற்ற எட்டுப் பேரோடு உட்கார்ந்தார். அந்த முறை செல்லாது என்று ஒன்பதுக்கு ஒன்பது. வாரன் கையில் இருந்தது ஒரு ஓட்டுதான், மீதி எட்டையும் பேசிச் சேர்த்தார்.

ஜெர்மானியர்கள் வேறு வழியில் போனார்கள். உனக்குரிய நீதிபதியை உன்னிடமிருந்து யாரும் பறிக்க முடியாது என்பது அவர்கள் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. எந்த வழக்கு எந்த நீதிபதிக்கு என்பதை வழக்கு வருவதற்கு முன்பே ஆண்டுத் திட்டமாக எழுதிவைத்து விடுகிறார்கள். அரசியல் சட்ட நீதிமன்றத்தில் எட்டு எட்டுப் பேராக இரண்டு பிரிவுகள். தலைவர் ஒரு பிரிவில் மட்டும்தான் அமர்வார். வழக்கின் முகம் பார்த்து அமர்வு அமைக்க அங்கே யாராலும் முடியாது. பிரேசிலில் இன்னொரு வழி: தலைமைப் பொறுப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கைமாறுகிறது.

அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்தால், அந்த இடத்தின் மீது அரசாங்கத்தின் கண் விழும். நம் நாட்டில் கேசவானந்த பாரதி வழக்கில் அரசுக்குக் கசப்பான தீர்ப்பு வந்தது 1973 ஏப்ரல் 24-இல். மறுநாளே, பணிமூப்பில் முன்னால் இருந்த மூவரைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் ராஜினாமா செய்தார்கள். 1975 நவம்பரில், நெருக்கடி நிலையின் நடுவே, அதே தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய ரே 13 நீதிபதிகளைக் கூட்டினார். இரண்டு நாள் வாதம் நடந்தபின் அவரே அந்த அமர்வைக் கலைத்தார். கூட்டியதும் கலைத்ததும் ஒரே கை.

இலங்கையில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க 2013 ஜனவரியில் நாடாளுமன்றம் வாக்களித்தபின் ஜனாதிபதியால் நீக்கப்பட்டார். இரண்டு ஆண்டு கழித்து ஆட்சி மாறியதும், அந்த நீக்கமே செல்லாது என்று அவரைத் திரும்ப அழைத்தார்கள். வந்தார், மறுநாளே ஓய்வு பெற்றார். அடுத்துப் பதவியேற்றவர் தமிழரான கே. ஸ்ரீபவன். பாகிஸ்தானில் 2007-இல் தலைமை நீதிபதி இஃப்திகார் சவுத்ரியை அதிபர் முஷாரஃப் இடைநீக்கம் செய்தபோது கறுப்புக் கோட்டு அணிந்த வக்கீல்கள் தெருவில் இறங்கினார்கள். 2009-இல்தான் அந்தப் போராட்டம் முழுதாக ஜெயித்தது. அதே பாகிஸ்தானில் 2023-இல் வந்த ஒரு சட்டம், அமர்வு அமைக்கும் அதிகாரத்தைத் தலைமை நீதிபதியும் அடுத்த மூத்த நீதிபதிகள் இருவரும் சேர்ந்த குழுவிடம் கொடுத்தது. அடுத்த ஆண்டே, மூத்த மூவரில் யார் தலைமை நீதிபதி என்பதை நாடாளுமன்றக் குழு தேர்ந்தெடுக்கும் என்று அரசியல் சட்டத் திருத்தமும் வந்தது. முதலாவது நல்ல மாற்றம் என்றே நான் நினைக்கிறேன். இரண்டாவது அரசியல்வாதியின் கையை நீதிமன்றத்துக்குள் நீட்டுகிற வேலை.

நமக்கும் அந்த முதல் மாற்றம் தேவை. மூத்த நீதிபதிகள் சிலர் சேர்ந்து, எழுதிவைத்த விதிப்படி அமர்வுகளை அமைக்கட்டும். தலைமை நீதிபதியைச் சந்தேகிப்பதற்காக இதைக் கேட்கவில்லை. அவர் மீது சந்தேகமே விழாமல் இருப்பதற்காகக் கேட்கிறோம். அதுவரை நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரிய வழக்கு ஒன்றைப் பற்றிய செய்தி வரும்போது தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு நகராதீர்கள். அமர்வில் இருந்தவர்கள் யார், அவர்களிடம் அந்த வழக்கு எப்படிப் போனது என்றும் பாருங்கள்.