கால்வாய்க்குள் இறங்குபவரின் உரிமை

பெருமழை பெய்தால் திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையிலும் தம்பானூரிலும் தண்ணீர் தேங்கும். அந்த அழுக்கு நீரில் எலிக்காய்ச்சல் பரவும். ஊரை அதிலிருந்து காப்பவர்களில் மருத்துவருக்கு முன்னால் நிற்பவர் கால்வாயைத் துப்புரவு செய்பவர். உடல்நலம் ஒவ்வொரு மனிதரின் அடிப்படை உரிமை என்று 1946-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் எழுதிவைத்தது. அந்த 'ஒவ்வொருவரில்' இவரும் அடக்கம்தானே?

2024 ஜூலை 13. தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் கால்வாயில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளியை வெள்ளம் இழுத்துச் சென்றது. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. தேடுவதற்கு ரோபோக்கள் வந்தன. சாக்கடைக் குழிக்குள் மனிதர் இறங்காமலிருக்க 'பேண்டிக்கூட்' ரோபோவை உருவாக்கிய நிறுவனம் இதே நகரத்தில்தான் இருக்கிறது. எல்லாக் கால்வாய்க்குள்ளும் இயந்திரம் நுழையாது, செலவும் மிகுதி என்பார்கள். மறுக்கவில்லை. குப்பையைக் கொட்டியது மக்கள்தானே என்றும் கேட்பார்கள், அதுவும் சரி. ஆனால் இடுப்பில் ஒரு கயிறு, மேட்டில் ஒரு காவலாள், மழை வலுத்தால் வேலையை நிறுத்தும் உத்தரவு, இவற்றுக்கு என்ன பெரிய செலவு? தினக்கூலிக்காரர் "இன்று இறங்க மாட்டேன்" என்று சொன்னாலும் அன்றைய கூலி அவர் கைக்கு வரவேண்டும். எலிக்காய்ச்சல் தடுப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.