கண்டாங்கி நடந்த தெரு

புதுக்கோட்டைச் சீமையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும், சித்தன்னவாசல் சித்திரங்களையும் திருமயம் கோட்டையையும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் நான் வருணிக்கப் போகிறேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றின் பெருமையை அறியாதவர் உங்களில் யாரும் இல்லையாகையால், அவற்றுக்கு ஒரு நமஸ்காரம் செய்துவிட்டு, திருமயத்தை அடுத்த கடியாபட்டியின் ஒரு தெருவுக்கு உங்களை அழைத்துச் செல்ல ஆசைப்படுகிறேன்.

முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு வாசல் மறு தெருவிலுமாக நீண்டு கிடக்கும் நகரத்தார் வீடுகள் நிறைந்த ஊர் அது. பால்ய வயதில் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம், முகப்புத் தெருவின் ஆடம்பரத்தை விட, அடுப்படிப் புகை மணக்கும் பின்தெருவே எனக்குப் பிரியமாக இருந்தது. பச்சரிசியும் உளுந்தும் சேர்த்தரைத்த மாவைக் கரண்டியால் எண்ணெயில் ஊற்றி, ஓரம் சிவக்காமல் வெள்ளையாகவே எடுத்து, மிளகாய்த் துவையலோடு "சாப்பிடு தம்பி" என்று ஓர் ஆச்சி கொடுக்கும் வெள்ளைப் பணியாரம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்று விஸ்தாரமாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஆனால் பணியாரத்தை நினைத்தால் அந்த ஆச்சி ஞாபகத்துக்கு வருகிறார், ஆச்சியை நினைத்தால் அவர் உடுத்தியிருந்த கண்டாங்கிச் சேலை வந்து கண்முன் நிற்கிறது. பணியாரம் இன்னொரு நாள் ஆகட்டும்.

அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்புமாகப் பெரிய பெரிய கட்டங்கள், அவற்றுக்குச் சளைக்காத அகன்ற கரை. தடித்த பருத்தி நூலில் நெய்த அந்தச் சேலையை, கொசுவத்தை முன்னால் வைக்காமல் பின்னால் அமைத்துச் செருகி, முந்தானையைத் தோளில் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் வரிந்து, கணுக்காலுக்கு மேலே நிற்குமாறு கட்டியிருப்பார்கள். முதிய ஆச்சிமார் ரவிக்கை அணிந்ததில்லை. இப்படி உடுத்துவதைப் பின்கொசுவக் கட்டு என்பார்கள். கிணற்றில் நீர் இறைப்பதற்கும், உரலில் இடிப்பதற்கும், குனிந்து நிமிர்ந்து பெரிய வளவைக் கூட்டுவதற்கும் அதைவிடச் சௌகரியமான கட்டு வேறு இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். ஆண்மக்கள் மூன்று வருஷக் கணக்கு என்று பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிவிட, பெட்டகச் சாவியும் வரவுசெலவும் கல்யாணக் காரியங்களும் தங்கள் கையில் இருந்த ஸ்திரீகள், எவருக்கும் அடங்காத காம்பீர்யத்தோடு நடமாடிய உடை அது. உடுத்திப் பழசானால் அதுவே பேரப்பிள்ளைக்குத் தூளியாகும்.

சேலை பெரும்பாலும் காரைக்குடிப் பக்கத்துக் குழித்தறிகளில் பிறந்தது. அது இன்றைய சிவகங்கை மாவட்டம். ஆனால் நகரத்தார் ஊர்கள் அடங்கிய செட்டிநாடு ஒரு மாவட்டத்துக்குள் அடங்குவதில்லை; கடியாபட்டி, இராயவரம், கோனாபட்டு முதலான ஊர்கள் பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. தறியைப் பற்றிப் பேசும்போது, நெய்கிறவரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. கட்டம் விழ வேண்டுமானால் பாவிலும் ஊடையிலும் சாயநூலைக் கணக்குத் தப்பாமல் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். அந்த ஊடைக்கு ராட்டையின் முன் அமர்ந்து தார் சுற்றிக் கொடுப்பவர்கள் நெசவாளர் வீட்டுப் பெண்கள். அவர்கள் உழைப்புக்குத் தனிக் கூலி என்று ஒன்று எழுதப்படுவது அபூர்வம்.

பெண்களே தறியில் அமர்ந்து நெய்யும் தேசமும் உண்டு. பூகோளத்தின் மறுபுறத்தில், குவாத்தமாலா மலைநாட்டில், மாயா இனத்துப் பெண்கள் தறியின் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனை வாரைத் தங்கள் இடுப்பில் பூட்டி, உடம்பின் பாரத்தாலேயே பாவை இழுத்துப் பிடித்து நெய்கிறார்கள். அவர்கள் அணியும் மேலாடையின் கோலத்தைக் கண்டே இன்ன ஊர்க்காரி என்று சொல்லிவிடலாமாம். 1992-ல் நோபல் சமாதானப் பரிசு பெற்ற, அந்த இனத்தவரான ரிகோபெர்தா மெஞ்சு அந்த உடையோடுதான் உலக சபைகளில் தோன்றினார். அங்கே இயந்திரத் துணியில் அச்சடித்த போலிகள் சந்தையை நிரப்ப, எங்கள் கோலங்களுக்கு எங்கள் ஊர்களே கூட்டாக உரிமை கொண்டாட வேண்டும் என்று நெசவுப் பெண்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். நம் கண்டாங்கிக்கு அப்படியொரு பாதுகாப்பு, புவிசார் குறியீடு என்னும் பெயரில், 2019-ல் கிடைத்தது.

கிடைத்தும், கடியாபட்டித் தெருவில் அதை உடுத்துவோர் அருகிவிட்டார்கள். பெண்கள் கல்வி கற்கப் புறப்பட்டார்கள், ரவிக்கையும் முன்கொசுவமும் வந்தன. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. நைலானும் விசைத்தறியும் வந்தபோதுதான் தடித்த பருத்தி கிழவிகளின் உடையென்று ஒதுக்கப்பட்டது. பின்னர் விசாலாட்சி இராமசாமி போன்றோர் இம்மரபைத் தேடி ஆராய்ந்து பதிவு செய்ததும், நகரத்து நாகரிகம் அதைத் திரும்பிப் பார்த்ததும் நல்ல காரியங்களே. இன்று மெல்லிய நூலில், ஆறு கஜ நீளத்தில், ரவிக்கைத் துணியோடு நெய்து சென்னைக் கடைகளில் விற்கிறார்கள். துணி பிழைத்துக்கொண்டது, கட்டு பிழைக்கவில்லை. எனக்கு அது பெரிய நஷ்டமாகவே படுகிறது.

ஆகவே, நேயர்களே, காரைக்குடிப் பக்கம் போனால் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தில் முத்திரை பார்த்து ஒரு கண்டாங்கி வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பின்கொசுவம் வைக்கத் தெரிந்த ஆச்சியோ அப்பத்தாவோ இருந்தால், அவரருகில் உட்கார்ந்து, அந்தக் கட்டை இந்த வருஷமே கற்றுக்கொள்ளுங்கள்.