எடை மட்டும் போதாது: வெள்ளி முலாமும் சொரசொரப்பான பிளாட்டினமும்

மின்வேதியியல் ஆய்வாளர்களும் பிளேட்டிங் பட்டறை நடத்துவோரும் ஒன்றாக அமர்ந்திருக்கும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும் பொறுப்பைத் தந்தமைக்கு நன்றி. இதை ஓசூரில் நடத்துவது பொருத்தமானது. வண்டி உறுப்புகள், கைக்கடிகாரங்கள், மின்கருவிகள் என இந்தத் தொழிற்பேட்டைகளிலிருந்து வெளியே போகும் பொருள்களில் ஏதோ ஒரு முலாம் ஏறாதது அரிது. வடக்கே எல்லை தாண்டினால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம். தெற்கே காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். இத்தனை அறிவு அருகில் இருந்தும், முலாமை நாம் இன்னும் பெரும்பாலும் எடையை வைத்தே மதிப்பிடுகிறோம். அது போதாது என்பதே என் வாதம்.

எடைமேல் நமக்குள்ள நம்பிக்கைக்கு வலுவான அடித்தளம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1908 லண்டன் மாநாட்டு வரையறைப்படி, வெள்ளி நைட்ரேட் கரைசலிலிருந்து வினாடிக்கு 0.00111800 கிராம் வெள்ளியைப் படியவைக்கும் மாறா மின்னோட்டமே ஓர் ஆம்பியர். 1948 வரை உலகம் மின்னோட்டத்தை அப்படித்தான் அளந்தது. அந்த அளவீட்டுக் கருவியில் ஒரு பிளாட்டினக் கிண்ணமே எதிர்மின்வாய். நேர்மின்வாயான வெள்ளியிலிருந்து உதிரும் துகள் கிண்ணத்தில் விழுந்து கணக்கைக் கெடுக்காமல் இருக்க, அந்த வெள்ளியை வடிதாளில் சுற்றி வைத்தார்கள். கிண்ணத்தின் உட்புறம் வழவழப்பா சொரசொரப்பா என்று வரையறை கவலைப்படத் தேவையில்லை. பாரடேயின் விதி மொத்த எடையைத்தான் சொல்கிறது. அந்த வெள்ளி எங்கே போய் உட்கார்ந்தது என்று அது சொல்வதில்லை. நம் வாடிக்கையாளருக்கோ எங்கே உட்கார்ந்தது என்பதுதான் முக்கியம். ஒரு சதுர சென்டிமீட்டரில் 1 மைக்ரான் வெள்ளி ஏற ஏறத்தாழ 0.94 கூலும் வேண்டும். அளவுகோலால் அளந்த பரப்புக்கு இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, மேடுபள்ளங்களையும் சேர்த்த உண்மைப் பரப்பு அதைப்போல் மூன்று மடங்கு இருந்தால், சராசரித் தடிமன் மூன்றில் ஒரு பங்குதான். எடை சரியாகவே இருக்கும், தடிமன் இராது. கனமான படிவில் பள்ளங்கள் நிரம்பி இந்த வேறுபாடு மங்கும். மெல்லிய படிவில் மங்க வழியில்லை.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காண, சொரசொரப்பான பிளாட்டினத் தகட்டில் வெள்ளியைப் படியவைத்துப் பார்க்க வேண்டும் என்பேன். “நம் பட்டறையில் பிளாட்டினம் எங்கே இருக்கிறது? பித்தளையும் தாமிரமும்தானே தொட்டியில் இறங்குகின்றன?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பித்தளையை வெள்ளிக் கரைசலில் இறக்கினால் மின்சாரம் பாயும் முன்பே வெள்ளி தானாகப் படிந்து, பிடிப்பில்லாமல் உரிந்துவிடும்; அதைத் தடுக்கத்தான் ஸ்ட்ரைக் எனும் மெல்லிய முதல் முலாம் கொடுக்கிறோம். அங்கே எது வேதிவினையின் குறை, எது மேற்பரப்பின் குறை என்று பிரித்துப் பார்க்க முடியாது. பிளாட்டினம் கரைவதுமில்லை, வெள்ளிக்கு இடம் விடுவதுமில்லை. அதைவிட முக்கியமாக, அதன் உண்மைப் பரப்பை மின்சாரத்தாலேயே அளக்கலாம். கந்தக அமிலத்தில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும்போது ஒட்டிப் பிரியும் ஹைட்ரஜனின் மின்னூட்டத்தை, சதுர சென்டிமீட்டருக்கு 210 மைக்ரோகூலும் என்ற அளவால் வகுத்தால் பரப்பு கிடைத்துவிடும். பிறகு அதே தகட்டில் வெள்ளியைப் படியவைத்தால், சொரசொரப்பின் பங்கு மட்டும் தனியே தெரியும்.

அப்படித் தெரிவது என்ன? மின்வாயை ஒட்டி வெள்ளி அயனி குறைந்துபோகும் மெல்லிய அடுக்கு நேரத்தோடு தடித்துக்கொண்டே போகிறது. மில்லிவினாடியில் சுமார் 2 மைக்ரான். கலக்காத கரைசலில் ஒரு வினாடிக்குள் சுமார் 70 மைக்ரான். மேடுபள்ளம் 5 மைக்ரான் அளவில் இருந்தால், முதல் மில்லிவினாடியில் அந்த அடுக்கு ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறங்கி ஏறுகிறது. ஒரு வினாடி கழித்து அதற்குப் பள்ளமே தெரியாது. அயனி முகடுகளுக்கே முதலில் போய்ச் சேரும், முகடு ஊசியாக வளரும். இந்த மாற்றத்தைக் கணிதமாக வடித்தவர்களில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியராக இருந்த எஸ்.கே. ரங்கராஜனும் ரமா காந்தும் முன்னணியில் நிற்கிறார்கள். சொரசொரப்பான மின்வாயில் விரவல் பற்றி 1994-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையை உலகம் இன்றும் எடுத்தாள்கிறது. பக்கத்து ஊரில் விளைந்த அறிவு நம் ரெக்டிஃபையர் வரை வந்து சேராதது எனக்கு உண்மையாகவே வருத்தம். துடிப்பு மின்னோட்டத்தை எவ்வளவு நேரம் ஓடவிடுவது என்ற கேள்விக்கான விடை அதில் இருக்கிறது. துடிப்பைக் குறுக்கிக்கொண்டே போனால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. பரப்பு கூடக் கூட, மின்வாய்க்கும் கரைசலுக்கும் இடையே மின்தேக்கிபோல் மின்னூட்டம் சேரும் இரட்டை அடுக்கை நிரப்பவே துடிப்பின் ஒரு பகுதி செலவாகிவிடும்.

“சயனைடு தொட்டியில் இந்தச் சிக்கலே வருவதில்லையே” என்பது அடுத்த மறுப்பு. வராததற்குக் காரணம், அங்கே வெள்ளி சயனைடோடு இறுகப் பிணைந்திருப்பதால் படிவு மெதுவாகி, பள்ளத்துக்கும் பங்கு கிடைப்பதுதான். சயனைடு நம் கவனக்குறைவை மூடி மறைக்கிறது என்றே சொல்வேன். அந்த நஞ்சைத் தென்பெண்ணைப் படுகையில் வைத்துக் கையாளும் நாம், ஒருநாள் அதை விட்டு விலகியே ஆக வேண்டும். அன்று மேற்பரப்பைப் பற்றிய அறிவு இல்லாமல் தொட்டியை மாற்றினால் கிடைப்பது வெள்ளிப் பொடிதான். “சொரசொரப்புமானி வைத்திருக்கிறோமே” என்பாரும் உண்டு. அதன் ஊசி முனையே 2 அல்லது 5 மைக்ரான் ஆரம் கொண்டது; அதைவிடக் குறுகிய பிளவுக்குள் அது இறங்காது. தவிர, அது சராசரி உயரத்தைச் சொல்லுமே ஒழியப் பரப்பைச் சொல்லாது.

ஆகவே இங்கே கட்டுரை படிக்க வந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். மின்னோட்ட அடர்த்தியைச் சொல்லும்போது, அது அளவுகோல் பரப்புக்கா உண்மைப் பரப்புக்கா என்று தெளிவாகச் சொல்லுங்கள். பட்டறை நடத்துவோர் பஃபிங் முடிந்த ஒரு துண்டையும் பஃபிங் செய்யாத ஒரு துண்டையும் ஆய்வகத்துக்கு அனுப்பி, உண்மைப் பரப்புக்கு ஏற்பக் கூடும் இரட்டை அடுக்கு மின்தேக்குதிறனை ஒப்பிட்டுத் தரக் கேளுங்கள். ஆய்வகங்கள் அதைச் செய்து தர மறுக்கக் கூடாது. கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.